காகிதப்பூக் கொடியின் மகரந்தத்தால் அலர்ஜி வருமா? அபார்ட்மென்டில் வெட்டச் சொல்கிறார்கள்

கொடிவீடு (கோவை)

வணக்கம். எங்கள் அபார்ட்மென்ட் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு காகிதப்பூக் கொடி நிற்கிறது. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள் வைத்தது. இப்போது இரண்டாம் மாடிவரை ஏறிவிட்டது. தை பிறந்தால் இலையே தெரியாத அளவுக்குப் பூத்து நிற்கும்.

முதல் மாடியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். இந்தத் தை மாதத்திலிருந்து காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்முகிறான், கண்ணைக் கசக்குகிறான். அவன் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இந்தக் கொடி. "போகன்வில்லா வெளிநாட்டுக் கொடி, அதன் மகரந்தம் அலர்ஜி" என்று யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட, அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் வெட்டுவதாகப் பேச்சு.

குழந்தைக்கு உண்மையிலேயே அதனால்தான் தொந்தரவு என்றால் வெட்டச் சொல்லி நானே கை தூக்குவேன். ஆனால் அது உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்ப்பாதை

வெட்டிவிடுங்கள். கொடி வேறு வைத்துக்கொள்ளலாம், குழந்தை மூச்சு முக்கியம். இதில் ஆராய்ச்சி எதற்கு?

சூல்முடி (திருச்சி)

கொடிவீடு, நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகிதப்பூவில் கண்ணைப் பறிக்கும் ஊதா, சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் இருப்பது பூ இல்லை, பூவடிச்செதில். அதாவது பூவை ஒட்டி வரும் நிறமேறிய இலை. மூன்று செதில்கள் சேர்ந்து ஒரு கொத்து. அந்த மூன்றின் நடுவில் சின்னக் குழல் மாதிரி வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ மூன்று இருக்கும், அவைதான் பூக்கள். ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் அந்தக் குறுகிய குழலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். வெளியே தலைநீட்டி ஆடாது.

மகரந்தம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. காற்றை நம்பும் செடிகள் உண்டு, பூச்சியை நம்பும் செடிகள் உண்டு. காற்றை நம்பும் செடி, எங்கே போய் விழும் என்று தெரியாததால், கணக்கில்லாமல் மகரந்தம் உதிர்க்க வேண்டும். மக்காச்சோளத்தின் தலையில் ஆடும் ஒரு ஆண் கொண்டையிலிருந்து பல லட்சம் துகள்கள் வரும். அவை உலர்ந்து, லேசாக, காற்றில் மிதக்கும்படி இருக்கும். பெரும்பாலும் பூவுக்கு நிறமோ மணமோ இருக்காது. யாரைக் கவர வேண்டும்?

காகிதப்பூ இதற்கு நேர்மாறு. இத்தனை நிறத்தைச் செலவு செய்வதே வண்ணத்துப்பூச்சியையும் அந்துப்பூச்சியையும் அழைக்கத்தான். அதன் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் ரீங்காரச் சிட்டுகளும் வரும். இப்படி வருகிறவர்கள் உடம்பில் ஒட்ட வேண்டும் என்பதால் மகரந்தம் பிசுபிசுப்பாக, கனமாக இருக்கும். அளவும் குறைவு. காற்றடித்தால் ஜன்னல் வழியாக மேகம் போலக் கிளம்பி வரும் சரக்கு அது இல்லை.

ஆபத்தே கிடையாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். எந்த மகரந்தத்திலும் புரதம் உண்டு, எந்தப் புரதத்துக்கும் யாராவது ஒருவருடைய உடம்பு முறைத்துக்கொள்ளலாம். கொடிக்குள் தலையை விட்டுக் கிளை வெட்டுகிறவர், நாள் முழுக்கப் பூத்தொட்டிகளுக்கு நடுவே வேலை செய்கிறவர், இவர்களுக்கு மூக்கு அரிப்போ கண் எரிச்சலோ வரலாம். எட்டி நிற்கிற ஒரு ஜன்னலுக்குள் இருக்கும் குழந்தைக்கு அதனால்தான் வருகிறது என்று சொல்ல, செடியின் அமைப்பு இடம் கொடுக்கவில்லை. ஆகவே "ரிஸ்க் உண்டு, ஆனால் மிக லேசானது, கிட்டப் போகிறவருக்கு" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுவிடு

சூல்முடி மேடம், நீங்கள் சொல்வது பாடத்தில் சரி. எனக்குச் சிறுவயதிலிருந்து ஆஸ்துமா. "அந்தச் செடியால் ஒன்றும் வராது" என்று மற்றவர்கள் சொல்லிச் சொல்லியே எங்களைப் போன்றவர்கள் அவதிப்பட்டது உண்டு. காற்றில் பறக்காது என்று புத்தகத்தில் போட்டிருக்கும் மகரந்தமும் பறக்கத்தான் செய்கிறது. சீமைக் கருவேலத்துக்குத் தேனீ வருகிறது, ஆனால் அதன் மகரந்தம் ஊரெல்லாம் அலர்ஜி கொடுக்கிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. மெல்போர்னில் 2016 நவம்பர் 21 அன்று புயல் மழைக்கு முன் வீசிய காற்றில் புல் மகரந்தம் ஈரம்பட்டு வெடித்து நுண்துகளாகி நுரையீரல்வரை போனது. ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அதில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்றே தெரியாது. மகரந்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சூல்முடி (திருச்சி)

நியாயமான கேள்வி. சீமைக் கருவேலம் பூச்சியையே பெரிதும் நம்புகிறது. ஆனால் நம் ஊரில் அது நிற்கும் அளவைப் பாருங்கள். ஏரி, கண்மாய், ரயில் தண்டவாளம், தரிசு என்று ஏக்கர் ஏக்கராக நிற்கிறது. கதிர் கதிராகப் பூக்கிறது, மகரந்தத்தாள்கள் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதனால் ஒரு பங்கு காற்றிலும் கலக்கிறது. அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் நன்றாகப் பதிவான விஷயம். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியும் அதன் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போகலாம்.

மெல்போர்ன் உதாரணமும் சரிதான். அங்கே காரணம் ரைகிராஸ் என்ற புல். புல் என்பதைக் கவனியுங்கள். மகரந்த ஒவ்வாமை என்றாலே உலகம் முழுக்க முன்வரிசையில் நிற்பவை புல்லும், காற்றில் மகரந்தம் விடும் மரங்களும் களைகளும்தான். அழகான பூ அந்த வரிசையில் அபூர்வமாகத்தான் வரும்.

இங்கே ஒரு பழைய கதை பொருந்தும். வட அமெரிக்காவில் கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது கோல்டன்ராட் என்ற செடி மஞ்சளாகப் பூத்துச் சாலையோரம் முழுக்க மின்னும். அதே வாரங்களில் ஜனங்களுக்குத் தும்மல் தொடங்கும். பழி கோல்டன்ராடுக்கு. ஆனால் அதன் மகரந்தம் கனமானது, தேனீக்குரியது. உண்மையில் தும்ம வைப்பது அதே சமயத்தில் பக்கத்திலேயே பச்சையாக, யார் கண்ணிலும் படாமல் பூத்து நிற்கும் ராக்வீட். நம் பார்த்தீனியத்துக்கு அது உறவுக்காரச் செடி.

நம் ஊரில் காகிதப்பூவுக்கும் இதுதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன். தண்ணீர் குறைந்து வெயில் ஏறும்போதுதான் அது கொட்டிப் பூக்கிறது. மார்கழி, தை தொடங்கிப் பங்குனி, சித்திரைவரை. அதே மாதங்களில் என்னவெல்லாம் நடக்கிறது? நெல் அறுவடை, வைக்கோல் தூசி, மாம்பூ, காய்ந்த புல், விடியற்காலைப் பனியோடு தரையில் தங்கும் குப்பைப் புகை. கண்ணுக்குத் தெரிவது மட்டும் கொடி.

அல்கூஸ் தமிழன் (துபாய்)

இங்கே பாலைவன நகரத்தில் ரோட்டோரம், வில்லா மதில், பார்க் எங்கு பார்த்தாலும் போகன்வில்லாதான். வந்த புதிதில் எனக்குத் தீராத தும்மல். கேம்ப் பக்கத்தில் இருந்த கொடியைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள். பிறகு டாக்டர் தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுத்ததில் வீட்டுத்தூசிப் பூச்சிக்குப் பெரிதாகத் தடித்தது, அறுகம்புல்லுக்கும் கொஞ்சம். இருபத்துநாலு மணி நேரமும் ஏசி, ஜன்னலே திறக்காத அறை, நாலு பேர் மெத்தை. சரி, தூசிப் பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும்?

இங்கே ஜனங்கள் அதிகம் திட்டுவது டமாஸ் மரத்தை. நம் ஊரில் கோனோகார்பஸ் என்கிறார்கள். அதைத்தான் குஜராத் அரசு 2023இல் நடக்கூடாது என்று தடை போட்டது.

நேர்ப்பாதை

எல்லாம் சரி. ஆனால் இந்தக் கோனோகார்பஸ், பார்த்தீனியம், சீமைக் கருவேலம் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. காகிதப்பூவும் வெளியிலிருந்து வந்ததுதான். நம் மண்ணின் கொடியை வைத்தால் இந்த வாதமே எழாதே. முல்லை இல்லையா, குருக்கத்தி இல்லையா? நான் நாட்டு மரங்கள் நடும் குழுவில் பல வருஷமாக இருக்கிறேன். அலங்காரத்துக்காக வெளிநாட்டுச் செடியைக் கொண்டுவந்து வைத்து நாம் கெட்டது போதும்.

பழைய ஏடு (புதுச்சேரி)

நேர்ப்பாதை அண்ணா, நாட்டுச் செடிமேல் உங்களுக்குள்ள அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் வந்த செடி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

காகிதப்பூ பிரேசில், பெரு, பொலிவியா, அர்ஜென்டினா பக்கத்துக் கொடி. 1766இல் கிளம்பிய பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் உலகப் பயணத்தில் கொமெர்சன் என்ற தாவரவியலாளர் உடன் போனார். 1767இல் ரியோ டி ஜெனிரோவில் இந்தச் செடியைச் சேகரித்துத் தலைவரின் பெயரையே வைத்தார். கொமெர்சனுக்கு அப்போது காலில் புண், அதிகம் நடக்க முடியாது. அவருடைய உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறியிருந்த ழான் பாரே என்ற பெண்தான் கரையில் அலைந்து இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக அறியப்படுபவர் அவர். இந்தப் பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரும். பூவுக்கு அவர் பெயர் இல்லையே என்ற வருத்தமும் வரும்.

இந்தியாவுக்கு இது 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா வழியாக வந்தது. அதன்பின் இங்கேயே எத்தனையோ ரகங்கள் உருவாகிவிட்டன. ஒரே செடியில் வெள்ளையும் ஊதாவும் பூக்கும் மேரி பால்மர் கல்கத்தாவில் தோன்றியது. உலகம் முழுவதற்குமான போகன்வில்லா ரகப் பெயர்களைப் பதிவு செய்யும் பொறுப்பே டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அந்த அளவுக்கு இது இங்கே வேர்விட்ட செடி.

முக்கியமான விஷயம், இது பரவி நாசம் செய்வதில்லை. நம் தோட்டத்து ரகங்கள் விதை பிடிப்பதே அரிது. போத்து வெட்டி வைத்தால்தான் அடுத்த செடி. உண்ணிச்செடி மாதிரிக் காட்டுக்குள் புகுந்ததோ, சீமைக் கருவேலம் மாதிரிக் கண்மாயை மூடியதோ கிடையாது. அந்திமந்தாரை, மூக்கிரட்டைக் கீரை இரண்டும் இதே குடும்பம். மூக்கிரட்டை நம் வரப்பில் காலங்காலமாக இருக்கிறது.

நாட்டுச் செடி என்றால் அலர்ஜி வராது என்பதும் இல்லை. ஆயா மரம் நம் நாட்டு மரம். வட இந்தியாவில் மகரந்த ஒவ்வாமைக்குப் பேர்போன மரங்களில் அதுவும் ஒன்று. அறுகம்புல்லைப் பிள்ளையாருக்கே சாத்துகிறோம், அதன் மகரந்தத்துக்கும் மூக்கு ஒழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். செடி எந்த நாட்டில் பிறந்தது என்பதை நம் மூக்கு கேட்பதில்லை.

நேர்ப்பாதை

பரவாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நட இடம் இருந்தால் நாட்டுக்கொடிக்கு முதல் இடம் கொடுங்கள் என்பதில் நான் மாறவில்லை. நிற்கிற கொடியை வெட்ட அலர்ஜியைக் காரணமாகச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

வளவுக்காரி (யாழ்ப்பாணம்)

எங்கள் பக்கம் மதிலுக்கு மேலே போகன்விலா படர விடுவது வழக்கம். ஆடுமாடும் வராது, ஆளும் ஏறமாட்டார்கள். மகரந்தத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறீர்கள், முள்ளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே?

அப்பா மதிலோரம் கொப்பு வெட்டும்போது விரல் மொழியில் (மூட்டில்) முள் குத்தியது. முள்ளை எடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம். சில கிழமைகளுக்குப் பிறகு அந்த மொழி வீங்கி, விரல் மடங்காமல் போனது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வாதம் என்று மருந்து கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டொக்டர்தான் "முள் ஏதும் குத்தியதா" என்று கேட்டு, ஸ்கேன் செய்து, உள்ளே இருந்த துண்டைச் சின்ன ஒபரேஷனில் எடுத்தார். அதற்குப் பிறகுதான் வீக்கம் வற்றியது.

கொப்பு வெட்டுகிற ஆட்களுக்குக் கையில் சொறி வருவதையும் பார்த்திருக்கிறேன். சிலருக்கு அந்தச் சாறு ஒத்துவராது போல. பூவால் தும்மியவரை எங்கள் ஊரில் நான் கண்டதில்லை. தங்கச்சி, உங்கள் கொடியில் பயப்பட வேண்டியது முள்ளுக்குத்தான். பிள்ளைகள் ஓடி விளையாடும் உயரத்தில் கொப்பு நீட்டிக்கொண்டு இருந்தால் அதை முதலில் வெட்டுங்கள்.

குழந்தைகள் வார்டு

வளவுக்காரி அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். செடி முள்ளின் துண்டு மூட்டுக்குள் தங்கினால் இப்படித்தான் வீங்கும். எக்ஸ்ரேயில் மரத்துண்டு பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். முள் குத்திய இடம் வாரக்கணக்கில் ஆறாமல் வலித்தால் டாக்டரிடம் "முள் குத்தியது" என்று மறக்காமல் சொல்லுங்கள். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

இப்போது பையன் விஷயம். நான் குழந்தை மருத்துவத்தில் இருக்கிறேன். பார்க்காத குழந்தைக்கு இங்கே உட்கார்ந்து காரணம் சொல்ல முடியாது, எதைக் கவனிக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

காலையில் எழுந்தவுடன் வரிசையாகத் தும்மல், தண்ணீர் மாதிரி மூக்கு ஒழுகுதல், கண் அரிப்பு, மூக்கை உள்ளங்கையால் மேல்நோக்கித் தேய்ப்பது, காய்ச்சல் இல்லை. இது ஒவ்வாமை மூக்கழற்சியின் சாயல். எழுந்தவுடன் அதிகம் என்பதால் நான் முதலில் சந்தேகப்படுவது மெத்தையையும் தலையணையையும். வீட்டுத்தூசிப் பூச்சி நம் தோலில் உதிரும் செதிலைத் தின்று வாழ்கிறது, ஈரப்பதம் இருந்தால் பெருகும். போர்வை, தலையணை உறையை வாரம் ஒருமுறை நன்றாகச் சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும். அறுபது டிகிரிக்கு ஒட்டிய சூடு இருந்தால் பூச்சி சாகும். பஞ்சு பொம்மை, கனமான திரைச்சீலை இரண்டையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடலாம். அப்புறம் சுவரில் ஈரம், கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை வித்தும் இதே வேலையைச் செய்யும். கரப்பான்பூச்சி, கொசுவத்திச் சுருள் புகை, சாம்பிராணி, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, இதெல்லாம் கேட்காமல் ஒரு செடியின்மேல் முடிவெழுதுவது குழந்தைக்கு நல்லதில்லை. கொடியை வெட்டிவிட்டு "பிரச்சினை தீர்ந்தது" என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், பையன் தும்மிக்கொண்டே இருப்பான். நான் பயப்படுவது இதற்குத்தான்.

ஊருக்குப் போய் நாலு நாள் தாத்தா வீட்டில் இருந்தபோது குறைந்ததா? மழை பெய்த மறுநாள் எப்படி? பள்ளிக்கூடத்தில் எப்படி? அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

தோல் குத்துப் பரிசோதனை பற்றி அல்கூஸ் தமிழன் எழுதியிருந்தார். நல்ல பரிசோதனை. பதினைந்து இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். ஆனால் தடித்த எல்லாமே நோய்க்குக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோலில் தடித்து, வாழ்க்கையில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் நிறைய. அறிகுறியோடு பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

இராத்திரி இருமல், மூச்சில் விசில் சத்தம், விளையாடும்போது இளைப்பு, மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்குவது, இதில் எது இருந்தாலும் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். மருந்துக்கடையில் தூக்கம் வரும் பழைய அலர்ஜி சிரப்பை வாங்கிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம்.

மூச்சுவிடு

டாக்டர், இதை ஒட்டி ஒன்று கேட்கிறேன். எனக்கு மல்லிகை மணம் பட்டாலே மூக்கு அடைக்கும். அதுவும் மகரந்தமா?

குழந்தைகள் வார்டு

பெரும்பாலும் இல்லை. கடுமையான மணமே சிலருடைய மூக்கின் நரம்பைச் சீண்டும். ஊதுபத்தி, சென்ட், பெயின்ட் வாடையும் அப்படித்தான். அது ஒவ்வாமையே இல்லை, தோல் பரிசோதனையிலும் வராது. ஆனால் அவதி உண்மை, அதற்கும் வைத்தியம் உண்டு. காகிதப்பூவில் மணம் கிட்டத்தட்ட இல்லாததால் அந்த வழியிலும் அதன்மேல் குற்றம் சொல்வது கடினம்.

சூல்முடி (திருச்சி)

கொடிவீடு, கூட்டத்தில் வாய்வார்த்தையாகப் பேசுவதைவிட ஒன்று செய்யலாம். ஒரு கண்ணாடிச் சில்லில் மெல்லிசாக வாசலின் தடவி, அந்த ஜன்னல் விளிம்பில் மழை படாமல் ஒரு நாள் முழுக்க வையுங்கள். கொடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து அதன் மகரந்தத்தை வேறொரு சில்லில் தடவிக்கொள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்குக் கொண்டுபோனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்கள். என் மாணவிகள் வருஷாவருஷம் இதைச் செய்கிறார்கள். கல்லூரி வாசலில் காகிதப்பூ வளைவே இருக்கிறது. ஆனாலும் சில்லில் சிக்குவது புல் மகரந்தமும் பூஞ்சை வித்தும் கரித்தூளும்தான் அதிகம். இது துல்லியமான அளவீடு இல்லை, லேசான துகள்கள் இதில் சரியாகப் படியாது. காற்றில் என்ன இருக்கிறது என்று ஒரு தோராயம் கிடைக்கும், அவ்வளவே.

கொடிவீடு (கோவை)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பையனின் அம்மாவிடம் இந்த இழையைக் காட்டினேன். கோபப்படுவாரோ என்று தயங்கினேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார், தனக்குத் தேவை பையன் நன்றாக மூச்சுவிடுவது மட்டும்தான் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றிப் பார்த்தோம்.

அவன் கட்டில் போட்டிருக்கும் சுவருக்குப் பின்னால் குளியலறை. சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஈரம், பெயின்ட் உப்பி, கட்டிலுக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாகப் படிந்திருக்கிறது. கட்டிலை நகர்த்தியதால்தான் தெரிந்தது. காம்பவுண்டுக்கு வெளியே காலி மனை. அதில் இடுப்பளவு பார்த்தீனியம், வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. இத்தனை நாளும் காகிதப்பூக் கொடி அதை மறைத்துக்கொண்டிருந்தது. கொடியின் அடியில் போன வருஷத்துச் சருகும் காய்ந்த செதிலும் முழங்கால் உயரத்துக்கு மக்கிக் கிடக்கிறது.

இது மூன்றில் எது காரணம் என்று டாக்டர் பார்க்கட்டும், வரும் வாரம் காட்டப் போகிறார்கள். கூட்டத்தில் கொடியை வெட்டும் தீர்மானத்தைத் தள்ளிவைத்தார்கள். ஜன்னல் பக்கம் வரும் கிளையைக் கழிப்பது, சருகை அள்ளுவது, குளியலறைக் குழாய்க்கசிவை அசோசியேஷன் செலவில் சரிசெய்வது, இவ்வளவும் முடிவானது.

இரண்டு கேள்வி. கொடியை எப்போது, எப்படிக் கழிக்க வேண்டும்? மகரந்தமே இல்லாத ரகம் ஏதாவது உண்டா? மாடித்தொட்டியில் வைக்க ஒருவர் கேட்கிறார்.

நாற்றங்கால் (ஓசூர்)

நர்சரி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இப்போது பூத்திருக்கும் சுற்று முடியட்டும். செதில் நிறம் வெளுத்து உதிர ஆரம்பித்ததும் கவாத்து செய்யுங்கள். பூ வருவது புதுத் துளிரில்தான், அதனால் தைரியமாக வெட்டலாம். மூன்றில் ஒரு பங்குவரை எடுத்தாலும் கொடி தாங்கும். ஜன்னலுக்கு நேராகப் போகும் தடித்த கிளையை அடியோடு எடுத்துவிட்டு, மற்றதைச் சுவரின் நீளவாக்கில் கம்பி கட்டித் திருப்பிவிடுங்கள். தண்ணீரை அளவாக ஊற்றுங்கள். தினமும் ஊற்றினால் இலைதான் வரும், அப்புறம் மாதத்துக்கு ஒருதரம் வெட்ட வேண்டும். மண் காய்ந்து இலை லேசாக வாடும்போது ஊற்றினால் பூவும் வரும், கொடியும் கட்டுக்குள் இருக்கும்.

வெட்டுகிறவருக்குத் தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. துணிக் கையுறைக்குள் முள் நேராக இறங்கிவிடும். சருகை அள்ளுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்து, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு அள்ளச் சொல்லுங்கள். காய்ந்ததைக் கிளறினால் பூஞ்சையும் தூசியும் நேரே மேலே வரும். வெட்டிய முள்கிளையை அங்கேயே எரிக்க வேண்டாம்.

ரகம் கேட்டீர்கள். அடுக்குச் செதில் ரகங்கள் உண்டு. மஹாரா என்று கேளுங்கள், எந்த நல்ல நர்சரியிலும் இருக்கும். அதில் நடுவில் இருக்க வேண்டிய வெள்ளைப் பூவே வராது, பூ வர வேண்டிய இடத்திலும் செதில்தான் அடுக்கடுக்காக வரும். பூ இல்லை, ஆகவே மகரந்தமும் இல்லை. ஒரு குறை, காய்ந்த செதில் தானாக உதிராது, பழுப்பாகத் தொங்கும். கையால் கிள்ளி எடுக்க வேண்டும். வண்ணத்துப்பூச்சிக்கும் அதில் சாப்பிட ஒன்றும் இருக்காது, அதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

நேர்ப்பாதை

கொடிவீடு, அந்தக் காலி மனைப் பார்த்தீனியத்தை விடாதீர்கள். 1950களில் புனே பக்கம் கண்ணில்பட்டு இன்று நாடு முழுக்க நிற்கிறது. அதன் மகரந்தமும் ஆகாது, இலையில் இருக்கும் நஞ்சு தோலிலும் புண் போடும். எங்கள் குழுவில் இதைப் பிடுங்கும் வேலையைத் தொடர்ந்து செய்கிறோம். மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்கள் நாங்கள் வருகிறோம்.

பூத்த செடியை உலுக்காமல், முதலில் தண்ணீர் தெளித்துவிட்டு வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை, மாஸ்க் கட்டாயம், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரவேண்டாம். மூச்சுவிடு, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பிடுங்கியதை விதை சிதறாதபடி சாக்கில் கட்டிவிடுவோம். மழைக்குப் பிறகு மறுபடி முளைக்கும். அப்போது பூப்பதற்கு முன்பே, மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் சுலபமாக வரும். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். மனை எவ்வளவு பெரியது என்று சொன்னால் எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்கிறேன். அன்று பையன் அறை ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லிவிடுங்கள்.